வேலூருக்கு வந்தவரின் வயிறு

காட்பாடி சந்திப்பில் ஹவுரா பக்கத்து ரயில் வந்து நின்றால், இறங்குகிற கூட்டத்தில் பலர் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், அதற்கும் அப்பால் வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். போகிற இடம் ஒன்றுதான்: 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, இன்று நாடே அறிந்த சி.எம்.சி. மருத்துவமனை. அதைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகள் வங்காள எழுத்தில் தொங்குகின்றன. ஓட்டல்களில் கடுகெண்ணெய் மீன் குழம்பு கிடைக்கிறது. இவர்களோடு வி.ஐ.டி.யில் படிக்க வந்த பிள்ளைகள், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருபவர்கள், ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஷூவுக்கு ஆர்டர் கொடுக்க வரும் ஜெர்மனி, இத்தாலி வியாபாரிகள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டால், இந்த அளவுள்ள ஊரில் இத்தனை வெளியூர் வயிறுகள் வேறெங்கும் சேருமா என்பது சந்தேகம்தான்.

அவற்றில் கணிசமானவை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கலங்கிவிடுகின்றன. ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போவது, கூடவே வயிற்றுப் பிடிப்பு, குமட்டல், சிலருக்குக் காய்ச்சல். மருத்துவர்கள் இதைப் 'பயணிகள் வயிற்றுப்போக்கு' என்று தனிப் பெயரிட்டே அழைக்கிறார்கள். பணக்கார நாடுகளிலிருந்து தெற்காசியா போன்ற பகுதிகளுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு 30 முதல் 70 பேருக்கு இரண்டு வாரத்துக்குள் இது வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. மழைக்கு முந்திய கோடை இன்னும் மோசம். வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

லாட்ஜ் மேனேஜரைக் கேட்டால் "தண்ணி ஒத்துக்கலை சார்" என்பார். ஆட்டோக்காரர் ஒரு படி மேலே போய், "எல்லாம் தோல் ஷாப்பு தண்ணிதான்" என்று பாலாற்றைக் காட்டுவார்.

தோல் ஷாப்பு மேல் உள்ள குற்றச்சாட்டு பொய்யல்ல. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் பதனிடும் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்திருக்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. குரோமியமும் உப்பும் நிலத்தடி நீரில் இறங்கியது உண்மை. சல்பேட் மிகுந்த உப்புத் தண்ணீரைப் பழகாதவர் குடித்தால் வயிறு கொஞ்சம் இளகும் என்பதும் உண்மை. ஆனால் காய்ச்சலோடு, ரத்தத்தோடு, ராத்திரி முழுக்கக் கழிவறைக்கு ஓட வைக்கிற பேதிக்கு குரோமியம் காரணமல்ல. அது மலத்திலிருந்து வாய்க்குப் போகிற கிருமியின் வேலை. பாலாற்றுத் தண்ணீர் எட்டாத காசியிலும் காத்மாண்டுவிலும் மெக்சிகோவிலும் இதே பேதி இதே மாதிரிதான் வருகிறது. இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். உவர்ப்பு இல்லை, நாக்குக்கு இனிக்கிறது என்பதற்காக ஒரு தண்ணீர் சுத்தமாகிவிடாது.

கிருமிகளில் முதல் குற்றவாளி ஈ.கோலை. ஈ.கோலை எல்லார் குடலிலும் சும்மா குடியிருப்பதுதான். அதில் ஒரு பிரிவுக்கு மட்டும் நஞ்சு சுரக்கும் குணம் உண்டு. அது சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, காலரா நஞ்சைப் போன்ற ஒன்றையும், சூட்டுக்கு அசையாத இன்னொன்றையும் விடுகிறது. சுவரை அரிப்பதில்லை, உள்ளே நுழைவதில்லை. குடல் செல்களை ஏமாற்றி உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ரத்தமில்லாமல் தண்ணீராகவே போகிறது.

இந்த நஞ்சு சுரக்கும் ஈ.கோலையின் கதையில் ஓர் இந்தியர் வருகிறார், நம் பாடப்புத்தகங்களில் வரவேண்டிய அளவுக்கு வராதவர். கொல்கத்தாவின் சம்பு நாத் டே முயலின் குடல் துண்டைக் கட்டிச் சோதிக்கும் முறையில் 1950-களில் காலரா நஞ்சு இருப்பதை நிறுவினார். காலரா போன்ற பேதி கண்டவர்களிடம் எடுத்த சில ஈ.கோலை வகைகளும் அதே மாதிரி குடலில் நீரைச் சுரக்க வைப்பதை 1956-லேயே காட்டினார். உலகம் அதை உள்வாங்கிக்கொள்ள இன்னும் பதினைந்து ஆண்டு ஆனது. ஏடனுக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களின் பேதியை ஆராய்ந்து, அதுவரை அறியாத ஓர் ஈ.கோலை வகை காரணம் என்று லண்டன் ஆய்வாளர்கள் எழுதியது 1970-இல். வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்களிடம் கிடைத்த கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தது 1971-இல்.

ஈ.கோலை தனியாக வருவதில்லை. தெற்காசியாவில் அதற்குச் சமமாக நிற்பது கேம்பைலோபேக்டர். கோழி இறைச்சியோடு அதிகம் தொடர்புடையது, காய்ச்சலும் கடுமையான வயிற்று வலியும் தரும். சீதபேதிக்கு ஷிகெல்லா. பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்க வைத்துவிடும். ஈ.கோலைக்கோ லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வேண்டும். ஆகவே அது வெயிலில் கிடந்த உணவில் பெருகிக்கொண்டு வருகிறது, ஷிகெல்லா கழுவாத ஒரு கையிலிருந்தே வந்துவிடுகிறது. சால்மொனெல்லாவும் உண்டு. எல்லாம் சேர்த்து, பயணிகளின் பேதியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு பாக்டீரியாக்களால்தான் என்று கணக்கிடுகிறார்கள்.

மீதியில் நோரோவைரஸ் முக்கியமானது. மடமடவென்று வாந்தி, ஒரு அறையில் ஒருவருக்கு வந்தால் நால்வருக்கும் வரும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். கையில் தடவுகிற சானிடைசர் இதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் கேட்கும். ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் மெதுவாக வருபவை. ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரக் கணக்கில் வயிறு உப்பி, ஏப்பம் நாறி, உடம்பு இளைத்தால் ஜியார்டியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

எப்போது தொடங்கியது என்பது பெரிய தடயம். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், சமைத்தவர் கையிலிருந்து போன ஸ்டஃபைலோகாக்கஸோ, சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸோ முன்கூட்டியே சுரந்து வைத்த நஞ்சு. ஈ.கோலைக்கு ஒன்று முதல் மூன்று நாள், கேம்பைலோபேக்டருக்கு இரண்டு முதல் ஐந்து நாள், ஜியார்டியாவுக்கு ஒன்றிரண்டு வாரம். ஹவுராவிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்தவருக்கு வேலூரில் முதல் நாளே பேதி என்றால், பழி வேலூருக்கு, குற்றம் பெரும்பாலும் வழியில் வாங்கித் தின்ற எதற்கோ.

இந்தப் பக்கத்துச் சாப்பாட்டில் எது ஆபத்து? ஆம்பூர் பிரியாணியைக் கண்டு வெளியூர்க்காரர் மிரள்கிறார், உண்மையில் பயப்பட வேண்டியது அதை அல்ல. சீரக சம்பாவும் கறியும் தம்மில் வெந்து, தேக்ஸாவிலிருந்து ஆவி பறக்க இலையில் விழும்போது அதில் உயிரோடு இருக்கக்கூடிய பேதிக் கிருமி அநேகமாக எதுவும் இல்லை. மிளகாய் காரம் குடலை எரிக்கலாம், தொற்று தராது. ஆபத்து பக்கத்தில் இருக்கிறது: பச்சை வெங்காயம் போட்ட தயிர் பச்சடி, மேசையில் ஏற்கெனவே ஊற்றி வைத்த தண்ணீர், வாளித் தண்ணீரில் முக்கி எடுத்த தம்ளர். அதே பிரியாணி கல்யாண மண்டபத்தில் காலையில் இறக்கி மாலை வரை வெதுவெதுப்பாகவே கிடந்தால் கதை வேறு. பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெதுவெதுப்பு வந்ததும் முளைத்துப் பெருகும், அதன் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

இட்லி ஆவியில் வெந்தது, பயமில்லை. தேங்காய் சட்னி பச்சைத் தண்ணீரில் அரைத்தது. காலை ஆறு மணிக்கு அரைத்த சட்னி பத்தரைக்கு எப்படி இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். டீ கொதித்தது. மோர் கொதிக்காத தண்ணீர் கலந்தது. வெட்டி வைத்த தர்பூசணியும் கரும்புச் சாறும் அதில் போடும் ஐஸும் வெளியூர்க்காரர் தொடாமல் இருப்பதே நல்லது.

தண்ணீர் விஷயத்தில் வேலூரே ஒரு பாடசாலை. சி.எம்.சி.யின் ஆய்வாளர்கள் இந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏரியிலிருந்தும் வறண்ட ஆற்று மணலுக்கு அடியிலிருந்தும் எடுத்து, பல நாளுக்கு ஒரு முறை விடப்பட்ட தண்ணீரை வீடுகளில் குடம் குடமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒன்று முதல் ஒன்பது நாள் வைத்திருந்ததில், சோதித்த வீடுகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில் அசுத்தம் கூடியிருந்தது. பித்தளைக் குடத்தில் வைத்தவர்களின் தண்ணீரில் கிருமி குறைவாக இருந்தது. பித்தளையில் உள்ள செம்பு கிருமிக்கு ஆகாது. பிளாஸ்டிக் குடம் மலிவாக வந்ததும் பழைய பாத்திரக்காரனுக்குப் பித்தளையை எடைக்குப் போட்ட பாட்டிகள் எத்தனை பேரோ!

சரி, இப்போது கேன் தண்ணீர் வந்துவிட்டதே? அதையும் வேலூரில் சோதித்தார்கள். குடிசைப் பகுதிகளில் கேன் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளையும் குழாய்த் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளையும் சேர்த்து 176 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013-இல் வெளியானது. கிரிப்டோஸ்போரிடியம் தொற்றில் இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. காரணம் ஊகிக்கக் கூடியதுதான்: கை, தரை, பாத்திரம், திறந்த சாக்கடை என்று கிருமி வர வேறு வழிகள் ஏராளம். கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கும் மசியாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நவீன சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்து சுமார் 4 லட்சம் பேரை நோயாக்கியது இதுதான். கொதிக்க வைத்தால் சாகும். பயணி சீல் வைத்த பாட்டிலில் குடிப்பது சரி, அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துப் பல் தேய்க்கக் குழாயைத் திறப்பதுதான் தவறு.

பயணம் செய்வது மனிதர் மட்டுமல்ல. 1992 கடைசியில் சென்னையில் காலராவைப் போலவே ஒரு பேதி பரவியது. கிருமி காலரா கிருமிதான், ஆனால் காலரா பரப்பும் ஓ-1 என்ற தெரிந்த வகைக்குள் அடங்கவில்லை. வேலூரிலும் அதே மாற்றத்தை மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் கவனித்து 1993-இல் 'லான்செட்' இதழுக்கு எழுதினார்கள். சில மாதங்களில் அது கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. பழைய காலராவால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி இதற்கு உதவாததால் பெரியவர்களே அதிகம் விழுந்தார்கள். ஓ-139 என்று எண்ணிட்டு, வங்காள விரிகுடாக் கரையில் கிடைத்ததால் 'பெங்கால்' என்று அடைமொழியும் வைத்தார்கள்.

இனி மருந்து. ஈ.கோலையும் காலராவும் குடலிலிருந்து நீரைக் கொட்ட வைத்தாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உறிஞ்சிக்கொள்ளும் வாசலை அவற்றால் மூட முடிவதில்லை. ஓ.ஆர்.எஸ். அந்த வாசல் வழியாகத்தான் வேலை செய்கிறது. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகளுக்கிடையே, பான்காவில் திலீப் மஹலனபிஸ் டிரம் டிரம்மாக இதைக் கலந்து கொடுத்துத்தான் உலகம் இதை நம்பியது. வேலூர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தது. 2000-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 48 காலரா நோயாளிகளிடம் சோதித்து, எளிதில் செரிக்காத ஒருவகைச் சோள மாவை ஓ.ஆர்.எஸ்.ஸில் சேர்த்தால் பேதி குறைகிறது என்று காட்டினார்கள். சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கிறது, அதில் வரும் கொழுப்பு அமிலங்கள் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ள உதவுகின்றன. (இதை வைத்துப் பழைய சோற்றுக்குச் சான்றிதழ் தேட வேண்டாம். வேலூர் மே மாத வெயிலில் ராத்திரி முழுக்க வெளியில் வைத்த சோறு பேதிக்காரருக்கு ஏற்றதல்ல.)

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கும்போது உறையைப் படிக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொடியில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும் இருக்கும். இதே பெயரில் அட்டைப்பெட்டியில் வந்த பழச்சுவைப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு. அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். அளவுக்கு ஒத்து வராத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது அதனால்தான். எதுவும் கிடைக்கவில்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மெடிக்கல் ஷாப்பில் "பேதிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் இரண்டு ஆன்டிபயாடிக் கலந்த ஸ்ட்ரிப் கைக்கு வந்துவிடும். வைரஸுக்கு அது பயனில்லை. இந்தப் பக்கத்துக் கேம்பைலோபேக்டர், சிப்ரோஃப்ளாக்ஸசின் குடும்ப மருந்துகளுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. பெரும்பாலான பேதி மூன்று முதல் ஏழு நாளில் தானாகவே அடங்கும். பின்லாந்தில் 430 பயணிகளைச் சோதித்த ஆய்வில், ஐந்தில் ஒருவர் மருந்தை மீறும் குடல் பாக்டீரியாக்களோடு ஊர் திரும்பியது தெரிந்தது. தெற்காசியாவுக்கு வந்து, பேதி கண்டு, ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டவர்களிடம் அது மிக அதிகம். பேதியை நிறுத்தும் லோபராமைடு, காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடாது, சிறு குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. ரத்தம், கடும் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காத வாந்தி, பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் லாட்ஜ் அறையில் படுத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், சிறுநீரக மாற்று சிகிச்சைக்கோ புற்றுநோய்க்கோ வந்தவர்களும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர் அதே சட்னியைச் சாப்பிட்டுவிட்டு ஏன் நிம்மதியாக இருக்கிறார்? உடம்பு வலுவானது என்று பெருமைப்படுவார்கள். வேலூர் ஆய்வுகள் சொல்வது வேறு. 1960-களில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் வட ஆர்க்காடு கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற தீராத பேதி கொள்ளைநோயாகப் பரவியதை ஆராய்ந்தபோது, நோயே இல்லாத கிராமத்தாரின் குடல் உறிஞ்சிகளும் மேல்நாட்டாருடையதைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். பிறவிக் குணமோ என்றால் இல்லை. அதே காலத்தில் கிழக்குப் பாகிஸ்தானுக்கு வந்த அமெரிக்க பீஸ் கோர் தொண்டர்களின் குடலும் சில மாதங்களில் அப்படியே ஆனது, நாடு திரும்பியதும் சரியானது.

ககன்தீப் காங் குழுவினர் வேலூர் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2011-இல் வந்த அந்த ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளைப் பேதி தரும் ரோட்டாவைரஸ் தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்று வந்த பிறகும் மிதமான அல்லது கடும் பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். பயணி மூன்று நாள் படுகிற பாட்டை ஊர்க்காரர் தொட்டிலில் திரும்பத் திரும்பப் பட்டு முடித்திருக்கிறார். உயிர் பிழைத்தவர்கள்தான் இன்று சட்னியைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள்.

டெல்லி, புணே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்து வெளிவந்த இந்திய ரோட்டா தடுப்பு மருந்து, 2016 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். கடும் ரோட்டா பேதியை முதல் வயதில் அது தடுப்பது சுமார் 56 சதவீதம். ஈ.கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இங்கே போடத் தடுப்பூசியே இல்லை. சாக்கடைக்குள் ஓடும் குடிநீர்க் குழாயை மாற்றிப் போடும் வேலை மாநகராட்சியின் கையில் இருக்கிறது, மாடித் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும் வேலை லாட்ஜ் முதலாளியின் கையில். வார்டு கவுன்சிலரிடமும் லாட்ஜ் மேனேஜரிடமும் கேட்டு வாங்க வேண்டியவை இந்த இரண்டும்.